பின் வைப்பர், டீஃபாகர், கேமரா மூன்றும் ஒரே நேரத்தில் மக்கர் – எங்கிருந்து பார்ப்பது?

மலைப்பாதை (பொள்ளாச்சி):

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2013 மாடல் ஏழு இருக்கை டீசல் எஸ்யூவி. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. டிக்கி கதவு மேலே தூக்கித் திறக்கிற வகை. வேலை வால்பாறைப் பக்கம் என்பதால் ஆழியாறு தாண்டி அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளில் அடிக்கடி ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மேலே மழையும் மூடுபனியும்தான். பஸ்ஸுக்கு வழிவிட வளைவில் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்கண்ணாடி தெரியவில்லை என்றால் எப்படி இருக்கும் என்று மலையில் ஓட்டுபவர்களுக்குத் தெரியும்.

பின் வைப்பர் சில நாள் ஓடுகிறது, சில நாள் கண்ணாடி நடுவிலேயே நின்றுவிடுகிறது. டீஃபாகர் (பின்கண்ணாடியில் படியும் பனியைச் சூட்டால் போக்கும் கோடுகள்) சுவிட்சைப் போட்டால் டேஷ்போர்டில் விளக்கு எரிகிறது, ஆனால் கண்ணாடியில் பனி அப்படியே இருக்கிறது. டீஃபாகர் போட்டதும் நம்பர் பிளேட் லைட் மங்குகிறது, ரிவர்ஸ் கேமரா படம் ஆடுகிறது. ஃபியூஸ் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டேன், எதுவும் போகவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். டிக்கியைத் திறந்து கொஞ்சம் ஓங்கி மூடினால் வைப்பர் சில நேரம் உயிர் பெற்றுவிடுகிறது. இங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் வைப்பர் மோட்டார் மாற்ற வேண்டும், கண்ணாடியும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்கிறார்கள். அவ்வளவு செலவு செய்வதற்கு முன் உங்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

காவிரிக்கரை (திருச்சி):

வைப்பர் நடுவில் நிற்பது மோட்டார் ஸ்பிண்டில் இறுகுவதால் வரலாம் நண்பரே. பின் வைப்பர் மோட்டாரின் தண்டு கண்ணாடி வழியாகவோ கதவுத் தகடு வழியாகவோ வெளியே வருகிறது. அந்த இடத்து ரப்பர் சீல் காய்ந்துவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். தண்டு இரும்பு, அதைப் பிடித்திருக்கும் கூடு அலுமினியம். இரண்டுக்கும் நடுவில் வெள்ளையாகப் பூத்து, தண்டைத் திருக முடியாத அளவுக்குப் பிடித்துக்கொள்ளும். பின் வைப்பரை மாதக்கணக்கில் போடாமல் வைத்திருப்பவர்களுக்கு இது அதிகம் வரும்.

சில வண்டிகளில் கண்ணாடி கழுவும் தண்ணீர் அந்தத் தண்டின் நடுத்துளை வழியாகவே வருகிறது. அங்கே குழாய் விட்டுப்போனால் தண்ணீர் நேராக மோட்டாருக்குள்தான். வைப்பர் கையைக் கழற்றிவிட்டு மோட்டார் மட்டும் தாராளமாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். இறுகியிருந்தால் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தாலே பல நேரம் சரியாகிவிடும்.

பேட்டரிக்காரர் (ஈரோடு):

காவிரிக்கரை சொன்ன கோளாறு உண்மைதான், நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஸ்பிண்டில் இறுகினால் மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்து ஃபியூஸ் போகும், அல்லது மோட்டார் சூடாகும். நம்பர் பிளேட் லைட் மங்காது, கேமரா ஆடாது. அதனால் மோட்டாரை இப்போது வாங்காதீர்கள். கண்ணாடியை வாங்கவே வாங்காதீர்கள்.

நீங்கள் சொன்ன நான்கு பொருளும் ஒரே கதவில் இருக்கின்றன. நான்கும் ஒரே நாளில் கெட்டுப்போவது அபூர்வம். நான்குக்கும் பொதுவாக இருக்கிற ஒன்று கெட்டிருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். டிக்கி கதவுக்குப் பொதுவானவை இரண்டு. ஒன்று, கீல் ஓரத்தில் பாடியிலிருந்து கதவுக்குப் போகிற ரப்பர் குழாய், அதற்குள் போகிற வயர் கட்டு. இரண்டாவது, அதே கட்டில் வருகிற எர்த் வயர், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவ்வுக்குத் திரும்பிப் போகிற வயர்.

டிக்கியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டு வளைந்து நிமிர்கிறது. வருடக்கணக்கில் அப்படி வளைந்தால் வயருக்குள் இருக்கும் செம்பு இழைகள் ஒன்றொன்றாக அறுந்துகொண்டே வரும். டிக்கியை ஓங்கி மூடினால் வைப்பர் ஓடுகிறது என்றீர்களே, அந்தக் குறிப்பு எனக்குப் போதும். அறுந்த முனைகள் அந்த அதிர்ச்சியில் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன.

லைட் மங்குவதற்கும் காரணம் சொல்கிறேன். டீஃபாகர் சாதாரணமாக 10 முதல் 20 ஆம்ப் வரை இழுக்கும். இந்தக் கதவிலேயே பெரிய சுமை அதுதான். எர்த் வயரில் இரண்டு மூன்று இழைகள் மட்டும் மிச்சம் இருந்தால் அவ்வளவு கரண்ட் திரும்பிப் போக வழி இல்லை. உடனே கதவின் எர்த் பாயிண்டிலேயே சில வோல்ட் ஏறி நிற்கும். அதே எர்த்தை நம்பியிருக்கும் லைட்டுக்கும் கேமராவுக்கும் அந்த அளவு வோல்ட் குறைந்துவிடும். மிச்சக் கரண்ட் கேமராவின் வீடியோ வயர் ஷீல்டு வழியாகக்கூடத் திரும்பப் பார்க்கும். படம் ஆடுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

மலைப்பாதை:

ரொம்ப நன்றி சார். ஒரு சந்தேகம். வைப்பர் மோட்டாரின் வயர் செருகியை, அதாவது கப்ளரை, கழற்றி, சுவிட்சைப் போட்டு, மல்டிமீட்டரில் பார்த்தேன். இரண்டு முனைகளுக்கும் நடுவில் 12.3 வோல்ட் வருகிறது. எர்த் போயிருந்தால் இவ்வளவு காட்டுமா? வயர் நன்றாக இருக்கிறது, மோட்டார்தான் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பேட்டரிக்காரர்:

வேண்டாம். இந்த இடத்தில்தான் நல்ல மோட்டார்கள் பலவும் குப்பைக்குப் போகின்றன, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மல்டிமீட்டர் கரண்டே இழுக்காது என்று சொல்லலாம். உள்ளே அதன் எதிர்ப்பு 10 மெகா ஓம் அளவில் இருக்கும். முடி போல ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டருக்கு அது போதும், முழு 12 வோல்ட்டையும் காட்டிவிடும். மோட்டாருக்கு இரண்டு மூன்று ஆம்ப் வேண்டும். அந்த ஒற்றை இழையால் அதைத் தர முடியாது, சுமை ஏறியதும் வோல்ட் சரிந்துவிடும். அதனால் கப்ளரைக் கழற்றி வைத்துக்கொண்டு எடுக்கும் அளவை நம்பாதீர்கள். கப்ளர் மாட்டியிருக்க வேண்டும், பொருள் ஓட வேண்டும் அல்லது ஓட முயல வேண்டும். கப்ளரின் பின்பக்கமாக முனையை நுழைத்து அப்போது அளவு எடுங்கள்.

மீட்டரை விட எங்கள் கடையில் அதிகம் பயன்படுவது பழைய இண்டிகேட்டர் பல்பு ஒன்று. 21 வாட், இரண்டு பக்கமும் வயர் வைத்துக் கட்டியது. ஏறக்குறைய 1.75 ஆம்ப் இழுக்கும். கப்ளரில் வைத்தால் பளிச்சென்று எரிய வேண்டும், சிவப்பாக மினுங்கினால் வயரில் குறை. ஆனால் கவனம். லைட், வைப்பர் போன்றவற்றை இயக்கும் கம்ப்யூட்டரான பாடி கண்ட்ரோல் மாட்யூலிலிருந்து நேராக வருகிற சிக்னல் வயர்களில் இந்த பல்பை வைக்காதீர்கள். பவர் வயரிலும் எர்த் வயரிலும் மட்டும் வையுங்கள்.

உங்கள் வண்டிக்கு முதலில் செய்ய வேண்டியது இது. எஞ்சினை ஓட விடுங்கள், டீஃபாகரைப் போடுங்கள். மீட்டரின் ஒரு முனை டிக்கி கதவுக்குள் இருக்கிற எர்த் போல்ட்டில், இன்னொன்று நீளமான வயர் வைத்து பேட்டரி நெகட்டிவ்வில். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்ல நிலையில் இருக்கிறது. ஒரு வோல்ட்டுக்கு மேல் போனால் ஆளைப் பிடித்தாயிற்று. உறுதி செய்துகொள்ள, அந்த போல்ட்டிலிருந்து பாடியில் பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்டுக்குத் தடிமனான ஜம்பர் வயர் கொடுங்கள். எல்லாம் ஒழுங்காக ஓடினால் வேறு சோதனை வேண்டாம்.

கீல் இரும்புதானே, அது வழியாக எர்த் கிடைக்காதா என்று சிலர் கேட்பார்கள். கீலில் பெயிண்டும் கிரீஸும் இருக்கும். நம்ப முடியாது.

நானுஓயா (நுவரெலியா):

வணக்கம் அண்ணா. எங்கள் பக்கமும் பின்னேரம் ஆனால் பனிமூட்டம்தான், ஆகவே இந்த விஷயம் எங்களுக்கும் நல்ல பழக்கம். ஜப்பானிலிருந்து இறக்கின வாகனங்கள்தான் இங்கே கூட. வயரைப் பிரிக்கிறதுக்கு முன்னம் பார்க்க வேண்டியது இரண்டு இருக்கு.

பல வாகனங்களில் எஞ்சின் ஓடினால் மட்டும்தான் டீஃபாகர் வேலை செய்யும். சாவியை மட்டும் திருப்பிப்போட்டு விட்டுப் பழுது என்று நினைக்கிற ஆட்கள் நிறையப் பேர். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் அது தானாகவே நின்றும் போகும், அதுவும் பழுது இல்லை.

மற்றது, பின்கதவு லொக்கில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். கதவு திறந்திருக்கு என்று அந்த சுவிட்ச் சொன்னால் வைப்பரை ஓட விடாத வாகனங்கள் இருக்கு. கண்ணாடி மட்டும் தனியாகத் திறக்கிற வகையில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் கண்ணாடி தூக்கியிருக்கும்போது வைப்பர் ஓடினால் ஏதாவது உடையும். கதவு மூடின பிறகும் டேஷ்போர்டில் கதவுச் சின்னம் மினுங்குகிறதா, உள் லைட் அணையாமல் நிற்கிறதா என்று பாருங்கோ. இருந்தால் பிழை லொக் சுவிட்சில்தான். ஓங்கி மூடினால் வைப்பர் ஓடுகிறது என்கிறதுக்கு இதுவும் காரணமாகலாம்.

பேட்டரிக்காரர்:

நானுஓயா சொல்வது நல்ல குறிப்பு. ஓங்கி மூடுவது இரண்டு கோளாறுக்கும் பொருந்தும். லாக் சுவிட்ச் என்றால் டீஃபாகர் பாதிக்காது, கதவுச் சின்னம் காட்டிக்கொடுக்கும். மலைப்பாதை, அதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

மலைப்பாதை:

பார்த்துவிட்டேன். கதவுச் சின்னம் வரவில்லை, உள் லைட் ஒழுங்காக அணைகிறது.

டீஃபாகரைப் போட்டு எர்த் போல்ட்டுக்கும் பேட்டரி நெகட்டிவ்வுக்கும் நடுவில் அளந்தால் 3.6 வோல்ட். ஜம்பர் கொடுத்ததும் நம்பர் பிளேட் லைட் வெள்ளையாகிவிட்டது, கேமரா படம் அசையாமல் நின்றது. வைப்பர் மட்டும் இன்னும் விட்டு விட்டுத்தான் ஓடியது.

அப்புறம் இடது கீல் பக்கத்து ரப்பர் குழாயை இரண்டு முனையிலும் கழற்றிப் பின்னுக்குத் தள்ளினேன். வெளியிலிருந்து பார்க்க குழாய் நன்றாகத்தான் இருந்தது, ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே எர்த் வயர் கறுப்பு, தடிமனானது. அதன் மேல்தோல் பாடிப் பக்கத்து முனையிலிருந்து இரண்டு விரல்கடை தள்ளி வட்டமாக வெடித்திருந்தது. வெடிப்பில் செம்பு பச்சை பூத்து, கை பட்டதும் மாவாக உதிர்ந்தது. அந்த வயரை மூன்று நான்கு இழைகள்தான் பிடித்துக்கொண்டிருந்தன.

வைப்பருக்குப் போகிற வயர் இன்னும் ஆச்சரியம். தோல் முழுசாக, புதிது போல இருந்தது. சும்மா இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன், அந்த இடம் மட்டும் ரப்பர் போல நீண்டது. உள்ளே செம்பு முழுவதும் அறுந்து, தோல் மட்டும் இணைத்துக்கொண்டிருக்கிறது. கண்ணால் மட்டும் பார்த்திருந்தால் இந்த வயர் சரி என்று விட்டிருப்பேன். இனி எப்படிச் சேர்ப்பது? ஈயம் வைக்கலாமா?

மில்கேட் (கோவை):

ஈயம் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. சால்டரிங் செய்யும்போது ஈயம் இழைகளுக்குள் ஊறி உள்ளே போகும். ஊறிய வரை வயர் விறைத்துவிடும். விறைப்பு முடிகிற இடத்தில் வளைவு முழுவதும் விழும், கொஞ்ச காலத்தில் அங்கேயே மறுபடி அறும். கம்பெனியில் வருகிற வயரிங் பெரும்பாலும் கிரிம்ப்தான், அதாவது உலோக ஸ்லீவுக்குள் வயரை வைத்து அழுத்தி இணைப்பது. சரியான சைஸ் ஸ்லீவ் போட்டு கிரிம்பிங் டூலில் அழுத்துங்கள், மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் குழாய்) போடுங்கள்.

பேட்டரிக்காரர்:

மில்கேட் சொல்லும் காரணம் சரி. ஆனால் நம் ஊரில் கிரிம்ப் என்ற பெயரில் கட்டிங் பிளேயரால் நசுக்குவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அதை விட நல்ல ஈயப்பற்று எவ்வளவோ மேல். எது செய்தாலும் ஜாயிண்ட் ரப்பர் குழாய்க்குள் வரக் கூடாது. அறுந்த இடத்திலேயே ஒட்டுப் போடுவதுதான் பெரிய தவறு. குழாய்க்குள் வளைகிற நீளம் முழுவதற்கும் புது வயர் ஓட வேண்டும். ஒரு ஜாயிண்ட் பாடிக்குள், இன்னொன்று கதவுக்குள். இரண்டுமே அசையாத இடத்தில் டேப் சுற்றி, கிளிப்பில் கட்டியிருக்க வேண்டும். அப்படிச் செய்தால் ஈயமா கிரிம்ப்பா என்ற சண்டையே இல்லை.

வயர் நுண்ணிய இழைகள் கொண்டதாக வாங்குங்கள். வீட்டு வயரிங்குக்கு வருகிற கெட்டி வயர் இதற்கு ஆகாது. தடிமன் பழையதற்குச் சமமாகவோ ஒரு படி கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. டீஃபாகர் பவர், எர்த் இரண்டுக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் நிம்மதி. நீளத்தையும் பழைய வயரை வைத்தே அளந்து வெட்டுங்கள். குட்டையானால் கதவு முழுக்கத் திறக்கும்போது இழுபடும், நீளமானால் மடங்கிக் கீலில் நசுங்கும். ஜாயிண்ட்களை ஒரே இடத்தில் குவிக்காமல் முன்னும் பின்னுமாக வையுங்கள், இல்லாவிட்டால் முடிச்சு தடித்து டிரிம்முக்குள் போகாது.

அந்தக் கட்டில் இரண்டு வயர் போயிருக்கிறது என்றால் மற்றவையும் அதே வயதுதான். ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். முடிந்தால் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். குழாய்க்குள் வயர் நுழைய சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸோ எஞ்சின் ஆயிலோ தடவினால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். குழாயின் உதடு பாடித் துளையில் சுற்றிலும் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தூக்கியிருந்தால் மழைத் தண்ணீர் கூரைத் துணிக்குள் இறங்கும்.

கடைசியாக, மேல் டிரிம்மைக் கழற்றும் முன் பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருங்கள். கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டி என்றால் அது அந்தக் கூரை ஓரத்தில்தான் இருக்கும். கேஸ் ஷாக் தளர்ந்திருந்தால் கதவுக்கு ஒரு கட்டை முட்டுக் கொடுத்துவிட்டு வேலை பாருங்கள்.

பழைய டீசல் (சென்னை):

புதுப்பேட்டையில் தேடினால் முழு டிக்கி வயரிங் செட்டே பழையதாகக் கிடைக்க வாய்ப்பு உண்டு, கப்ளரோடு மாட்டிவிடலாமே?

பேட்டரிக்காரர்:

அதுவும் அதே அளவு திறந்து மூடிய வண்டியிலிருந்துதான் வந்திருக்கும். கப்ளர் எரிந்தோ உருகியோ இருந்தால் பழைய செட்டில் கப்ளர் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மலைப்பாதை:

வேலை முடிந்தது. குழாய் வழியாகப் போகிற எல்லா வயரையும் மாற்றிவிட்டேன். பழைய ரிவர்ஸ் கேமராக்காரர் நம்பர் பிளேட் லைட் வயரில் கிள்ளிப்போட்ட இணைப்பு ஒன்று பச்சை பூத்திருந்தது, அதையும் எடுத்துவிட்டுச் சரியாகச் சேர்த்தேன். இப்போது டீஃபாகர் போட்டு எர்த்தில் அளந்தால் 0.1 வோல்ட்டுக்கும் கீழே. வைப்பர் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது, நிறுத்தினால் அதன் இடத்தில் போய்ப் படுக்கிறது. ஒர்க்‌ஷாப் மாற்றச் சொன்னது இந்த மோட்டாரைத்தான்.

ஒன்று பாக்கி. டீஃபாகரில் மேலே இரண்டு கோடும் கீழே மூன்று கோடும் பனியை எடுப்பதில்லை. முன்பு வைத்திருந்தவர் சன் ஃபிலிம் ஒட்டிப் பிறகு உரித்திருக்கிறார். கண்ணாடியில் பிளேடு கீறல் தெரிகிறது.

பேட்டரிக்காரர்:

மேல் இரண்டும் மற்றக் கோடுகளிலிருந்து தள்ளி இருக்கின்றனவா, அவற்றுக்குத் தனியாக மெல்லிய வயர் வருகிறதா என்று பாருங்கள். அப்படியானால் அவை ரேடியோ ஆன்டெனா. சூடாகாது.

கீழ் மூன்றும் பிளேடு வேலைதான். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வண்டிக் கண்ணாடிகளில் ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று தீர்ப்புச் சொன்ன பிறகு அவசர அவசரமாகச் சுரண்டிய வண்டிகள் எங்கள் கடைக்கு நிறைய வந்தன. கண்ணாடியின் உள்பக்கம் அச்சடித்த வெள்ளிப் பூச்சுக் கோடுகள் அவை, பிளேடுக்குத் தாங்காது. நீராவி காட்டி, பிளாஸ்டிக் தகட்டால் மெதுவாக உரிப்பதுதான் முறை. துடைக்கும்போதும் கோட்டின் போக்கிலேயே துடைக்க வேண்டும்.

கோடுகளை ஓம் வைத்து அளந்து பயனில்லை. எல்லாம் இணையாக இருப்பதால் மொத்தமே ஒரு ஓம் அளவுக்குள்தான் வரும். டீஃபாகரைப் போட்டுவிட்டு டிசி வோல்ட்டில் பாருங்கள். கறுப்பு முனையை எர்த்தில் வையுங்கள். சிவப்பு முனையில் அலுமினியத் தாளைச் சுற்றுங்கள், கூர்முனை நேரடியாகக் கோட்டைக் கீறக் கூடாது. பவர் வருகிற பக்கத்திலிருந்து கோட்டின் மேல் நகர்த்திக்கொண்டே போங்கள். நல்ல கோட்டில் 12 அளவிலிருந்து படிப்படியாக இறங்கி, நடுவில் ஏறக்குறைய 6 காட்டி, மறுமுனையில் பூஜ்யத்துக்குப் பக்கம் வரும். அறுந்த கோட்டில் 12 அப்படியே இருந்து ஒரே இடத்தில் பொத்தென்று பூஜ்யமாகும். அந்த இடத்தில் வெளியிலிருந்து மார்க்கரால் புள்ளி வையுங்கள்.

பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, கோட்டின் மேலும் கீழும் மாஸ்கிங் டேப் ஒட்டி, கண்டக்டிவ் சில்வர் பெயிண்ட் இரண்டு மூன்று மெல்லிய பூச்சு. ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள், அதுவரை சுவிட்சைத் தொட வேண்டாம். ஓரத்தில் வயர் மாட்டும் உலோகக் காது கழன்றிருந்தால் மட்டும் இந்தப் பெயிண்ட் தாங்காது. அதற்கு வெள்ளி கலந்த ஈயமோ கண்டக்டிவ் எபாக்ஸியோ வேண்டும். ஈயம் என்றால் அதிக நேரம் சூடு கொடுக்காதீர்கள், கண்ணாடி விரிசல் விடும்.

மலைப்பாதை:

மேலே இரண்டும் ஆன்டெனாதான். கீழ் மூன்றிலும் ஒரே நேர்கோட்டில் வெட்டு இருந்தது. பெயிண்ட் பூசிவிட்டேன், மூன்றும் இப்போது சூடாகின்றன.

பாலைப்பயணி (மஸ்கட்):

இதே உரையாடலில் கேட்டுவிடுகிறேன். என் எஸ்யூவியில் பின்கண்ணாடி டிக்கி கதவுக்குள் இறங்குகிற மாதிரி. சில வாரமாகக் கண்ணாடி இறங்க மறுக்கிறது. முன்னால் உள்ள சுவிட்சிலும் பின்னால் சாவித் துளையிலும் முயன்றேன், மோட்டார் சத்தமே இல்லை. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. பின் வைப்பர் ஓடுகிறது, ஆனால் நிறுத்தினால் படுக்காமல் எங்கே இருக்கிறதோ அங்கேயே நிற்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பேட்டரிக்காரர்:

நிச்சயம் உண்டு. கண்ணாடி இறங்குகிற வண்டிகளில் வைப்பரும் கண்ணாடியும் ஒன்றையொன்று கேட்டுத்தான் நகரும். வைப்பர் கை கண்ணாடியின் மேல் கிடக்கும்போது கண்ணாடி இறங்கினால் கை மாட்டிக்கொள்ளும். அதனால் வைப்பர் தன் இடத்தில் படுத்துவிட்டது என்ற சிக்னல் வந்தால்தான் கண்ணாடிக்கு அனுமதி கிடைக்கும். கண்ணாடி முழுக்க ஏறி இருந்தால்தான் வைப்பருக்கு அனுமதி.

உங்கள் வைப்பர் படுப்பதே இல்லை. மோட்டாருக்குள் பல் சக்கரத்தோடு சுற்றுகிற பித்தளைத் தட்டு ஒன்று இருக்கும், அதன் மேல் சின்ன நாக்குகள் உரசும். அதுதான் பார்க் சுவிட்ச். சுவிட்சை அணைத்த பிறகும் கை தன் இடத்துக்குப் போகும் வரை மோட்டாருக்குக் கரண்ட் கொடுப்பது அதன் வேலை. உங்கள் ஊர்த் தூசி அங்கே போய் கிரீஸோடு சேர்ந்து களிம்பாகியிருக்க வாய்ப்பு அதிகம். முதலில் பார்க் சுவிட்சுக்கு வருகிற நிரந்தர பவர் கப்ளரில் இருக்கிறதா என்று பல்பு வைத்துப் பாருங்கள். இருந்தால் மோட்டார் மூடியைத் திறந்து தட்டைத் துடைத்து, நாக்குகளைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள்.

பாலைப்பயணி:

பவர் வந்தது. மூடியைத் திறந்தேன், தட்டு கறுத்துப் போய் மணலும் கிரீஸும் அப்பியிருந்தது. துடைத்து மாட்டியதும் வைப்பர் படுத்தது. அடுத்து சுவிட்சை அழுத்தினேன், கண்ணாடி இறங்கிவிட்டது. ஆனால் ஏறும்போது பாதியில் திணறுகிறது. இது மோட்டாரா?

பேட்டரிக்காரர்:

பக்கத்துச் சேனல்களில் மணல். பீடிங்கைத் துடைத்து சிலிகான் ஸ்ப்ரே அடித்துப் பாருங்கள், அதற்குப் பிறகும் திணறினால் ஏறும்போது மோட்டார் கப்ளரில் எத்தனை வோல்ட் என்று அளந்து எழுதுங்கள். கப்ளர் மாட்டியிருக்கும்போதே.